ஆயா சமாதி என்றுதான் போடுவேன்

முந்தாநாள் நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை எனக்கே நாலைந்து பேர் அனுப்பிவிட்டார்கள், அதனால் மறுபடி விளக்கப் போவதில்லை. எங்கள் ஆயாவை, அதாவது பாட்டியை, புதைத்த இடத்துக்கு 'ஆயா சமாதி' என்று பேர் போட்டு நான் போட்ட படத்தை எடுத்துப் போட்டு, "சமாதி ஞானிகள் அடையும் நிலை, இப்போது கண்டவர்களுக்கெல்லாம் சமாதி" என்று எழுதியிருக்கிறார் அந்தப் பெரிய மனிதர். கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை. கீழே போய்ப் பார்த்தால் சிரித்தவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள். சரி, இருக்கட்டும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். புதைத்தவர்கள் அந்த இடத்தை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்களோ, அதுதான் அதற்குப் பேர். இதில் மூன்றாவது மனிதருக்கு வேலையே இல்லை.

ஞானிகளுக்குத்தான் சமாதி என்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன் சார். திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது, திருவான்மியூரில் பாம்பன் சுவாமிகள் சமாதி இருக்கிறது. பட்டினத்தார் சமாதிக்கு என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனதே ஆயாதான். அதே ஆயா, "தாத்தா சமாதிக்குச் சுண்ணாம்பு அடிக்கணும்டா" என்றும் சொல்லும். (எங்கள் பக்கம் ஆயாவை 'சொல்லும், போகும்' என்றுதான் பேசுவோம். இதற்கும் ஒரு பதிவு போட்டுவிடாதீர்கள்.) இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் இல்லை அது. அங்கே போனால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். இங்கே வந்தால், "என்னைக் கடன்காரங்ககிட்ட மாட்டிவிட்டுட்டுப் படுத்துட்ட இல்ல" என்று தாத்தாவைத் திட்டித் தீர்க்கும். வார்த்தை ஒன்றுதான்.

அவ்வளவு அக்கறை இருந்தால் கடற்கரைக்குப் போய்த் திருத்துங்களேன். போர்டில் என்னமோ 'நினைவிடம்' என்றுதான் எழுதியிருக்கிறது. பஸ்ஸில் ஏறுகிறவர் "அண்ணா சமாதி ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்கிறார். எம்.ஜி.ஆர். சமாதியில் காதை வைத்து வாட்ச் ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று பார்க்காத சென்னைப் பிள்ளை உண்டா? பகுத்தறிவு பேசிய அண்ணா எந்த நிஷ்டையில் உட்கார்ந்தார்? அங்கே வாயைத் திறக்க மாட்டீர்கள். ஆயா என்றால் மட்டும் இலக்கணம் வந்துவிடுகிறது.

'கல்லறை' என்று போட்டிருந்தால்? "எப்போது மதம் மாறினாய்" என்று கேட்டிருப்பீர்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒவ்வொரு நவம்பர் 2ஆம் தேதியும் மெழுகுவத்தியும் சாமந்தியும் வாங்கிக்கொண்டு காசிமேடு கல்லறைக்குப் போகிறார். தெற்கத்தி முஸ்லிம் நண்பர் ஒருவர் தன் அத்தாவை (அப்பாவை) அடக்கிய இடத்தில் நட்ட கல்லை மீசான் கல் என்பார். அவரவர் வீட்டில் புழங்குகிற பேர், அவ்வளவுதான்.

இன்னொரு தோழர் ரொம்ப அன்பாக, "தூய தமிழில் நடுகல் என்று போடலாமே" என்றார். அன்பாகச் சொன்னதால்தான் அதிகம் எரிந்தது. தோழர், நடுகல் ஆநிரை மீட்கப் போய்ச் செத்த வீரனுக்கு நட்டது. உடல் அதற்கடியில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கல்லைத் தேடிப் பார்ப்பதில் தொடங்கி, நீரில் இட்டு எடுத்து, நட்டு, படையல் போட்டு வாழ்த்துவது வரை தொல்காப்பியம் அதற்கு வரிசையாக முறை சொல்கிறது. எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அப்பா கொத்தனார். வேலை நடந்த இடத்தில் மீந்த சிமென்டைக் கேட்டு வாங்கி வந்து, உடைந்த செங்கல்லை அடுக்கி, அவரே பூசினார். ஈரம் காய்வதற்குள் ஆணியால் பேரைக் கீறினார். ஒரே வரியில் எழுத இடம் போதவில்லை. கடைசி 'ள்' மட்டும் கீழே இறங்கித் தனியாக நிற்கிறது. நீங்கள் பார்த்துச் சிரித்த படத்தில் அதுவும் இருக்கிறது.

நடுகல் பேச்சு வந்ததால் சொல்கிறேன். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்று உண்டு. அதில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய். அதன் பேர் கோவிவன், இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் நாய்க்குக் கல்லில் இடம் கொடுத்தான். நீங்கள் எங்கள் ஆயாவுக்கு ஒரு வார்த்தையைக் கொடுக்க யோசிக்கிறீர்கள்.

"ஒரு வார்த்தைக்கு இவ்வளவு கோபமா" என்று வருவீர்கள், தெரியும். கோபம் வார்த்தைக்காக இல்லை. 'கண்டவர்கள்' என்று எழுதினீர்களே, அதற்கு. விடியற்காலை ராயபுரத்தில் இட்லி சுட்டு விற்று என்னைப் படிக்க வைத்த கண்டவர் அது. அந்தப் படிப்பில்தான் உங்கள் பதிவை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

ஐயா தன் பக்கத்தின் முகப்பில் 'தமிழ் எங்கள் உயிர்' என்று போட்டிருக்கிறார். நல்லது. ஆயா இருப்பது வடசென்னை மூலக்கொத்தளம் இடுகாட்டில். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைக்குப் போய் 1939இல் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் அதே மண்ணில்தான் இருக்கிறார்கள். மொழிப்போர் தியாகிகள் நாளான ஜனவரி 25 அன்று மாலையோடும் கேமராவோடும் வருகிறார்கள், போகிறார்கள். மற்ற நாளில் நானும் அப்பாவும் போகும்போது ஆடு மேயும், புதர் மண்டிக் கிடக்கும். ஐயாவை ஒரு நாளும் நான் அங்கே பார்த்ததில்லை. வழி தெரியவில்லை என்றால் இன்பாக்ஸில் கேட்கட்டும், லொகேஷன் அனுப்புகிறேன். பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.