ஸ்டீவன் பேரன்ட்டை யாருக்காவது தெரியுமா?

சார்லஸ் மேன்சன் முகம் போட்ட டீ-சர்ட்டோடு ஒரு தம்பி போட்ட படத்துக்குக் கீழே நான் எழுதியதைப் படித்துவிட்டு மூன்று நாளாக எனக்குப் பாடம் நடத்துகிறார்கள். "அது வெறும் ஃபேஷன் அக்கா." "கலகக்காரன் அக்கா." சரி, பொறுமையாகவே சொல்கிறேன். சார்லஸ் மேன்சன் கலகக்காரன் இல்லை. அமெரிக்காவில் தன் பின்னால் ஒரு கூட்டம் சேர்த்து, அந்தப் பிள்ளைகளை ஏவிவிட்டு ஆட்களைக் கொன்றவன்.

1969 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் சியலோ டிரைவ் வீட்டில் அவன் ஆட்கள் கையால் ஒரே ராத்திரியில் செத்தவர்கள் ஐந்து பேர். நடிகை ஷாரன் டேட்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும், எட்டரை மாதக் கர்ப்பிணி. ஸ்டீவன் பேரன்ட்டைத் தெரியுமா? பதினெட்டு வயசு. அந்த வீட்டுக்காரர்களுக்கும் அவனுக்கும் சம்பந்தமே கிடையாது. வளாகத்துப் பின்வீட்டில் தங்கி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பையனிடம் ஒரு கடிகார ரேடியோவை விற்கலாம் என்று வந்தான். அந்தப் பையன் வேண்டாம் என்றதும் ஸ்டீவன் காரில் கிளம்பினான். கேட்டைத் தாண்டுவதற்குள் சுட்டுவிட்டார்கள். அவன் முகத்தை யார் டீ-சர்ட்டில் போடுகிறார்கள்?

"மேன்சன் தன் கையால் யாரையும் கொல்லவில்லையே" என்கிறீர்கள். மறுநாள் ராத்திரி லாபியாங்கா தம்பதி வீட்டுக்குள் போய் அவர்களைக் கட்டிப்போட்டது அவன்தான். கட்டிவிட்டு, மிச்சத்தை முடிக்க மற்றவர்களை உள்ளே அனுப்பிவிட்டு அவன் போய்விட்டான். இதுதான் உங்களுக்கு வீரமா?

வியட்நாம் போர், அந்தக் காலத்துக் கோபம் என்கிறீர்கள். கோபப்பட்டவர்கள் லட்சக்கணக்கில் தெருவில் ஊர்வலம் போனார்கள். இவன் காத்திருந்தது கறுப்பர்களும் வெள்ளையர்களும் அடித்துக்கொண்டு சாகிற நாளுக்காக என்று நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு சொன்னது. அப்புறம் தான் ஆளலாமாம்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று கேட்டீர்கள். எங்கள் பெரியம்மா மகள் இப்படி ஒருவன் பின்னால் ஆறு வருஷம் போனவள். பெரியப்பா செத்த அன்று வந்தாள், வாசப்படியிலேயே நின்றாள். பெரியம்மா இழுத்து அணைத்தும் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "அழக்கூடாதுன்னு அவர் சொல்லியிருக்கார்" என்றாள்.

அதனால் மேன்சன் கூட்டம் தங்கியிருந்த ஸ்பான் பண்ணையில் இருந்த பெண்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவள் ஞாபகம்தான். சூப்பர் மார்க்கெட் குப்பைத் தொட்டியில் காய்கறி பொறுக்கி அவனுக்குச் சோறு போட்டவர்கள் அவர்கள். அவர்களில் ஒருத்தி, லாபியாங்கா கொலையில் சேர்ந்த லெஸ்லி வான் ஹூட்டனுக்கு அப்போது 19 வயசு. 2023இல்தான் பரோலில் வெளியே வந்தார்.

"அப்போ கொலைகாரிக்குப் பரிதாபமா?" என்று கேட்பீர்கள். அதே லெஸ்லிக்குப் பரோல் கொடுக்காதே என்று ஷாரனின் அம்மா டோரிஸ் டேட் மூன்றரை லட்சம் கையெழுத்து வாங்கினார். அந்தத் தாய் முன்னால் என்னால் வாய் திறக்க முடியாது. ஆனாலும் பரிதாபம் வருகிறது, என்ன செய்ய? அந்த மனுஷன்மேல் மட்டும் வரவில்லை, வராது.

அந்த டீ-சர்ட் படத்தை அந்தப் பெரியம்மா மகள் அக்காவும் பார்த்துவிட்டாள். எனக்கு ஒரே வரி அனுப்பினாள்: "அவரும் இப்படித்தான் பார்ப்பார்." அவனை விட்டு அவள் வெளியே வந்து ஒன்பது வருஷம் ஆகிறது, இன்னும் 'அவர்'தான்.

படத்தை எடுத்துவிடு தம்பி. அவள் உன் நட்புப் பட்டியலிலும் இருக்கிறாள்.