கிளிப்பையாவது விட்டு வைத்திருக்கலாம்

துணி காயவில்லை என்று சொன்னாலே போதும், கடலூரில் மீதிக் கதையை யாரும் கேட்க மாட்டார்கள். வருஷத்து மழையில் பெரும்பங்கு அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையிலேயே கொட்டித் தீர்க்கிற ஊர். மழை விட்ட நாளிலும் கடல் பக்கமிருந்து வருகிற வாடைக்காற்று முழுக்க ஈரம். துணியில் இருப்பதை அது எங்கே வாங்கிக்கொள்ளப் போகிறது? ராத்திரி கொடியிலேயே விட்டால் பனி இறங்கி, அரைகுறையாகக் காய்ந்ததும் போச்சு. நாற்காலி முதுகில் பேன்ட், ஜன்னல் கம்பியில் பனியன், அலமாரிக் கதவில் துண்டு. வீட்டுக்கு யாராவது வந்தால் உட்காரச் சொல்ல இடமில்லை.

இப்படி இருக்கும்போது நேற்று பத்தரை மணிக்கு மஞ்சக்குப்பத்தில் வெயில் அடித்தது. நம்பவே முடியவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன்.

எனக்கு முன்னால் மாடி வீட்டம்மா வந்துவிட்டார்.

சேலை காயப்போட்டிருந்தால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். திரைச்சீலை! சோபா உறை! வாசலில் போடுகிற மிதியடி! கொடியின் நட்ட நடுவில், சுள்ளென்று வெயில் விழுகிற இடத்தில், இரட்டைக் கம்பளி ஒன்று. இந்த ஊரில் குளிர்காலத்தில் விடியற்காலையிலேயே இருபது டிகிரி சுமாருக்கு இருக்கும். அதற்கு எதற்குங்க கம்பளி? இமயமலைக்கா போகிறீர்கள்?

சரி, தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஒரு முழம் கொடி மிச்சம் இருந்தது. ஒரு சட்டை மேல் இன்னொரு சட்டை, அதன் மேல் லுங்கி என்று அடுக்கி, என் காசில் வாங்கிய நீலக் கிளிப்புகளை மாட்டிவிட்டு இறங்கினேன்.

ஒரு மணிக்கு மேல் சடசடவென்று பிடித்தது பாருங்கள் மழை. நாலு நாலு படியாகத் தாவி ஏறினால், கம்பளி இல்லை. திரைச்சீலை இல்லை. மிதியடிகூட இல்லை. அதைக்கூட பத்திரமாக எடுத்துப் போயிருக்கிறார். என் துணி மட்டும் சொட்டச் சொட்டத் தொங்குகிறது. பாதி சிமென்ட் தரையில், பாசி மேல். ஏனென்றால் கிளிப்பைக் காணோம்!

யோசித்துப் பாருங்கள். அந்தக் கிளிப்பைக் கழற்ற என் சட்டையைத் தொட்டிருக்க வேண்டும். தொட்ட கை அப்படியே உருவித் தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். இல்லை. கிளிப் மட்டும் போதுமாம். புயல் வந்தால்கூட கடலூர் துறைமுகத்தில் கூண்டு ஏற்றிச் சொல்கிறார்கள். மேலே இருப்பவர் கீழே இருப்பவனுக்கு ஒரு குரல் கொடுக்க மாட்டாரா?

போய்க் கேட்டேன். "கூப்பிட்டேனே தம்பி, உனக்குக் கேக்கலையா?" என்கிறார். எந்தக் குரலில் கூப்பிட்டார்? குக்கர் விசில் நாலு வீடு தள்ளிப் போகிறது, இவர் குரல் ஒரு மாடி இறங்கவில்லை. கிளிப்பா? "எல்லாம் ஒரே மாதிரி இருக்கா, தெரியலப்பா." அவருடையது மரக் கிளிப்! நீலத்துக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர், என் கொடியில் வெயில் எந்த இடத்தில் விழும் என்று மட்டும் அங்குலம் பிசகாமல் தெரிந்து வைத்திருக்கிறார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே, "நாளைக்கு வெயில் வந்தா சொல்லுப்பா, மெத்தைய எடுத்துப் போடணும்" என்றார். சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

அப்புறம் ஒன்று. இந்தத் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குக் கடுகு நுழைகிற அளவுக்கு வாய் வைத்தது யார்? 24 டிகிரிக்குக் கீழே போனால் எண்ணெய் உறையும் என்பது பாட்டில் செய்கிறவருக்குத் தெரியாதா? இன்று காலை ஈர்க்குச்சி விட்டுக் குடைந்தேன். எண்ணெய் வரவில்லை, குச்சி பாதி உள்ளேயே ஒடிந்துவிட்டது. ஆபீசுக்கு வறண்ட தலையோடு, ஈரச் சட்டையோடு போனேன்.