பாடம் குவிந்து கிடக்கிறது, திருத்தித் தரத்தான் ஆளில்லை

பள்ளி மூடிய மறுநாளே வாட்சப் குரூப்களில் "இலவசக் கல்வித் தளங்கள் 100" என்று ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடும். 2020-இல் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 160 கோடி மாணவர்கள் வீட்டில் முடங்கியபோதும் இதுதான் நடந்தது. நல்லெண்ணத்தோடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் 100 லிங்க்கை வைத்துக்கொண்டு ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும்?

வகுப்பறையில் பாடம் நடக்கிறது, மணி அடிக்கிறது, நோட்டு திருத்தப்படுகிறது. இணையத்தில் பாடத்துக்குப் பஞ்சமே இல்லை. மணி அடிக்கும் வேலையைச் சுவரில் ஒட்டிய அட்டவணை ஓரளவு செய்துவிடும். திருத்துவதுதான் விட்டுப்போகிறது. அதனால் எந்தத் தளமானாலும் முதலில் ஒன்றைப் பாருங்கள்: பிள்ளை தப்பாக விடை போட்டால் அது என்ன செய்கிறது? ஒன்றுமே செய்யவில்லை என்றால் அது வெறும் புத்தகம். புத்தகம் கெட்டதில்லை, ஆனால் திருத்தும் ஏற்பாட்டை நீங்கள்தான் செய்தாக வேண்டும்.

கணக்குக்குக் கான் அகாடமியை நான் முதலில் சொல்வது இதனால்தான். விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை. ஒவ்வொரு விடைக்கும் உடனே சரியா தப்பா என்று சொல்லி, வழிமுறையையும் காட்டும். பலர் செய்யும் தவறு, இப்போது படிக்கும் வகுப்பின் முதல் வீடியோவிலிருந்து தொடங்குவது. அதற்குப் பதில், ஒரு வகுப்பு கீழே போய் முழுப் பாடத்துக்குமான தேர்வை எழுதச் சொல்லுங்கள். எந்த அலகில் ஓட்டை இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். பின்னத்தில் தடுமாறும் பிள்ளைக்கு இயற்கணித வீடியோ எத்தனை போட்டாலும் ஏறாது. இன்னொன்று: விடைக்கு வழிகாட்டும் குறிப்பைத் (hint) திறந்தால் அந்தக் கேள்வி சரியான விடைக் கணக்கில் சேராது. அதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மனம் சோர்ந்துவிடும்.

வீடியோ பார்ப்பதைப் படிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். தாளில் எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். வீடியோ எவ்வளவு நீளமானாலும் மாணவர்கள் பொதுவாக 6 நிமிடத்துக்கு மேல் தங்கவில்லை. ஆகவே ஒரு சிறிய வீடியோ, உடனே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நினைவிலிருந்து நாலு வரி, பிறகு ஐந்து கணக்கு. தப்பானவற்றைத் தனி நோட்டில் எழுதி, இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் மறுபடி போட வேண்டும். அந்தத் தனி நோட்டு எந்த ஆப்பையும்விட மதிப்புள்ளது.

அறிவியலுக்கு ஃபெட் (PhET) என்ற தளம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் பவுல்டர் வளாகத்தில், நோபல் பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது. மின்சுற்று, விசை, அமிலம்–காரம் என்று ஒவ்வொன்றும் திரையில் கையால் இழுத்து மாற்றிப் பார்க்கும் சோதனை. தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே பிரவுசரில் ஓடும். சும்மா கொடுத்தால் பத்து நிமிடம் விளையாடிவிட்டு எழுந்துவிடுவார்கள். ஒரு கேள்வி கொடுங்கள்: "இரண்டாவது மின்கலம் சேர்த்தால் மின்னோட்டம் எவ்வளவு ஆகும்? முதலில் எழுது, பிறகு அளந்து பார்." குறுக்குச்சுற்று செய்தால் திரையில் தீப்பிடிக்கும். வீட்டில் செய்யக்கூடாததை அங்கே தாராளமாகச் செய்து பார்க்கலாம்.

டேட்டா குறைவாக இருக்கும் வீடுகளை எண்ணித்தான் அடுத்ததைச் சொல்கிறேன். கிவிக்ஸ் ஆப்பில் விக்கிப்பீடியாவையே ஒரு கோப்பாக இறக்கி வைக்கலாம். படமில்லாத பதிப்பு வெகுவாகச் சிறியது. மெமரி கார்டு ஃபேட்32 (FAT32) என்ற பழைய சேமிப்பு முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, காரணம் புரியாமல் திண்டாடுவீர்கள். எக்ஸ்ஃபேட் (exFAT) முறைக்கு மாற்றினால் ஏறும், ஆனால் மாற்றும்போது கார்டில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். முதலில் நகல் எடுங்கள்.

ஒரே லேப்டாப்பும் நாலைந்து போனும் இருக்கும் இடத்துக்குக் கோலிப்ரி (Kolibri) என்ற மென்பொருள். லேப்டாப்பில் பாடங்களை ஒருமுறை இறக்கிவிட்டால், அதே வைஃபையில் உள்ள போன்கள் இணையமே இல்லாமல் அதிலிருந்து படிக்கும். முழுத் தொகுப்பையும் இறக்கினால் டிஸ்க் நிரம்பிவிடும், வேண்டிய அலகை மட்டும் தேர்ந்தெடுங்கள். லேப்டாப் தூக்க நிலைக்குப் போனால் எல்லாருக்கும் நின்றுவிடும், அந்த அமைப்பை மாற்றிவிடுங்கள். போனில் திறக்கவே இல்லை என்றால் பெரும்பாலும் லேப்டாப்பின் பாதுகாப்பு அரணான ஃபயர்வால் தடுக்கிறது.

"இலவசம்" என்று சொல்லிவிட்டு அட்டை எண் கேட்கும் தளம் இலவசம் இல்லை. அங்கேயே மூடிவிடுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு நாளைக்கு ஒரே லிங்க், ஒரே கேள்வி அனுப்புங்கள். பிள்ளை தாளில் போட்டுப் படமெடுத்து அனுப்பட்டும். தவறிய வரியை மட்டும் வட்டமிட்டு அன்று மாலைக்குள் திருப்பி அனுப்புங்கள். 40 பேர் என்றால், ஆளுக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் 40 நிமிடம்தான்.