சம்பளம் நின்றால் வாடகை கட்ட முடியாதவர் வேட்பாளர் ஆவது எப்படி?

எந்த நாட்டில் தேர்தல் முடிந்தாலும் ஒரு கணக்கு வரும். பெண்கள் எத்தனை பேர், சிறுபான்மையினர் எத்தனை பேர், இளைஞர்கள் எத்தனை பேர். வரட்டும், வேண்டிய கணக்குதான். 1995இல் உலக நாடாளுமன்றங்களில் பெண்கள் சுமார் 11 சதவீதம், இன்று சுமார் 27. விடாமல் எண்ணிக் கேட்டதால்தான் இந்த அளவாவது நகர்ந்தது.

ஆனால் லாரி ஓட்டியவர், வீட்டு வேலை செய்தவர், கட்டட வேலை பார்த்தவர் எத்தனை பேர் நாடாளுமன்றத்துக்குள் போனார்கள் என்று அநேகமாக யாரும் எண்ணுவதில்லை. ஓட்டு வரிசையில் இவர்கள் கூட்டம். உள்ளே வக்கீல்கள், முதலாளிகள், அப்புறம் அவர்களுடைய வாரிசுகள்.

"அவங்களுக்கு ஆர்வம் இல்லைங்க" என்பார்கள். மருத்துவமனையில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒரு உதவியாளர் போட்டியிட நினைக்கிறார் என்று வையுங்கள். பிரச்சாரத்துக்குச் சம்பளமில்லா விடுப்பு கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் வேலையை விட வேண்டும். கட்சி ஆபீஸில் முதல் கேள்வியே "எவ்வளவு செலவு பண்ணுவீங்க?" தோற்றால் பழைய வேலை இருக்குமா, தெரியாது. அவரோடு போட்டியிடும் வக்கீல் தோற்றால் மறுநாள் கோர்ட்டுக்குப் போவார். ஆர்வத்தை எங்கே அளப்பது?

இது புதுப் பிரச்சினையும் இல்லை. பிரிட்டனில் 1838இலேயே சார்ட்டிஸ்டுகள் என்ற தொழிலாளர் இயக்கத்தினர் வாக்குரிமையோடு சேர்த்து நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளமும் கேட்டார்கள். பத்து வயதில் சுரங்கத்தில் இறங்கிய கெய்ர் ஹார்டி 1892இல் ஜெயித்து உள்ளே போனபோது சம்பளம் என்று ஒரு பைசா கிடையாது. தொழிற்சங்கங்கள் தங்கள் ஆட்களுக்குப் படியளந்தன. அதையும் 1909இல் நீதிமன்றம் தடுத்தது. 1911இல்தான் உறுப்பினர்களுக்கு அரசுச் சம்பளமாக ஆண்டுக்கு 400 பவுண்டு வந்தது.

பணக்காரர் ஏழைக்காகப் பேசக் கூடாதா? பேசலாம், பேசியவர்களும் உண்டு. ஆனால் பகலில் தூங்கி இரவில் வேலைக்குப் போகிறவருக்குக் குழந்தைகள் காப்பகம் எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்ற கேள்வி அந்தப் பணக்காரர் வாயில் தானாக வராது.

நாற்காலி கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ருவாண்டாவில் கீழவையில் பெண்கள் 60 சதவீதத்துக்கு மேல். அதிகாரம் என்னவோ அதிபர் மாளிகையில்.

ஆனாலும் முதலில் எண்ணத் தொடங்குவோம். தேர்தலில் நிற்பவருக்கு விடுப்பும், தோற்றால் பழைய வேலையும் சட்டமாகட்டும். கட்சிகள் வேட்பாளர் பட்டியலோடு அவரவர் கடைசியாகச் சம்பளம் வாங்கிய வேலையையும் வெளியிடட்டும். அந்த இடத்தில் "சமூக சேவை" என்று எழுதினால் செல்லாது.