சுகர் இருக்குற பூனைக்கு பூனைப் பிரியர் வேணாம்

போன வாரம் ஒருத்தங்க இன்பாக்ஸ்ல வந்து, எங்க பூனைக்கு சுகர் வந்துடுச்சு, நாங்க வெளிநாடு கிளம்புறோம், நல்ல பூனைப் பிரியர் வீடா எதாவது தெரிஞ்சா சொல்லுங்கன்னு கேட்டிருந்தாங்க. பதில் டைப் பண்ண ஆரம்பிச்சா அது பாட்டுக்கு நீண்டுக்கிட்டே போகுது, சரி இங்கயே போட்டுடுவோம், இன்னும் நாலு பேருக்கு ஆகும்னு போடுறேன். முதல்லயே சொல்லிடுறேன், பூனைப் பிரியரைத் தேடாதீங்க. நான் அப்படித் தேடிப் போய் ஒரு பூனையை சாகக் கொடுக்கப் பாத்தவ.

எங்க பிளாட் மேல் மாடியில ரயில்வேல ரிட்டயர் ஆன தாத்தா ஒருத்தர் இருந்தார். எங்க பெரம்பூர்ல ரயில்வேக்காரங்க நிறைய, அது வேற விஷயம். அவர் வளர்த்த பூனை ஜாங்கிரி. ஆரஞ்சு கலர்ல வரி வரியா இருக்கும், சுருண்டு படுத்துச்சுன்னா ஸ்வீட் கடைத் தட்டுல இருந்து எடுத்து வெச்ச மாதிரியே இருக்கும். சுகர் வரும்னு தெரிஞ்சிருந்தா தாத்தா மிக்ஸர்னு பேரு வெச்சிருப்பார். ஒன்பது வயசு, ஆண், குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனது, வாசப்படி தாண்டாது, ஏழு கிலோ வெயிட்டு. காலையில பால்ல ஊறின பிஸ்கட், மத்தியானம் தயிர்சாதம், சாயங்காலம் திரும்ப பிஸ்கட். வயசு, ஆண், ஆபரேஷன், வீட்டுக்குள்ளயே கெடக்குறது, எல்லாத்துக்கும் மேல அந்த எடை, இது அத்தனையும் பூனைக்கு சுகரைக் கூட்டிட்டு வர்ற சமாச்சாரம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

கண்டுபிடிச்சது டாக்டர் இல்லைங்க, எறும்பு. பால்கனியில அது ஒண்ணுக்கு போற மண் டப்பாவைச் சுத்தி சாரை சாரையா எறும்பு. எங்கம்மா பாத்துட்டு, இந்தப் பூனைக்கு சுகர்டின்னாங்க, நாங்க எல்லாரும் சிரிச்சோம். ரெண்டு வாரத்துல சிரிப்பு போயிடுச்சு. பாத்ரூம் மக்குல தலையை விட்டு தண்ணி குடிக்குது, சாப்பாட்டுத் தட்டை விட்டு நகர மாட்டேங்குது ஆனா முதுகெலும்பு தெரியுது, நடக்குறப்போ பின்னங்கால் விரல்ல நிக்காம குதிகால் வரைக்கும் தரையில பதிச்சு முயல் மாதிரி நடக்குது. சுகர் ஏறி நரம்பு பாதிச்சா பூனை அப்படித்தான் நடக்குமாம். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போனோம், சுகர் 380. பூனைக்கு 80ல இருந்து 120, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம், அதான் நார்மல். ஆனா டாக்டரம்மா உடனே ஊசியை எடுக்கல, பூனை பயந்தாலே சுகர் 300க்கு மேல எகிறும், ஆட்டோவுல கத்திக்கிட்டே வந்திருக்கு இல்லன்னு சொல்லி ஃப்ரக்டோசமைன்னு ஒரு டெஸ்ட் எழுதிக் கொடுத்தாங்க, அது கடைசி ரெண்டு மூணு வாரத்து சராசரியைக் காட்டும். அதுலயும் சுகர்தான்.

ஊசி ஆரம்பிச்சு ஒரு மாசம்கூட ஆகல, தாத்தாவோட பையன் வந்து அவரை புனேக்கு கூட்டிட்டுப் போயிட்டார். பூனைக்கு டிக்கெட் போடல. தாத்தா படியில நின்னு ஒரு ஐஸ் டப்பாவை என் கையில கொடுத்தார், உள்ள இன்சுலின்.

ஏன் நானே வெச்சுக்கலன்னு கேப்பீங்க, நியாயமான கேள்வி. நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில குவாலிட்டியில இருக்கேன், மூணு ஷிஃப்ட்டும் வாரம் வாரம் மாறும். இன்சுலின் பன்னெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, காலையில ஏழு, ராத்திரி ஏழு. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரம் நாலரைக்கே பஸ் வந்துடும், காலை ஊசி போச்சு. செகண்ட் ஷிஃப்ட்னா ராத்திரி ஊசி போச்சு. நைட் ஷிஃப்ட் வாரம் மட்டும்தான் ரெண்டு வேளையும் நான் வீட்டுல. வீட்டுக்காரருக்கு ஊசியைப் பாத்தாலே மயக்கம் வரும், நம்ம தடுப்பூசிக்கே படுத்துக்கிட்டுதான் போட்டுக்கிட்டார். அம்மாவுக்கு கை நடுக்கம். ஒரு யூனிட்டுங்கறது ரொம்ப ரொம்ப கம்மி, ஒரு சொட்டுத் தண்ணியில பாதிகூட இருக்காது, நடுங்குற கையால அதை எடுக்க முடியாது. அஞ்சு மாசம் எப்படியோ ஓட்டினோம், தவறின வேளை எத்தனைன்னு எண்ணிப் பாக்கவே பயமா இருக்கு.

இதுக்கு நடுவுல வந்துச்சு பாருங்க அறிவுரை. காசிமேட்டுல விட்டுடு, மீனைத் தின்னு பொழைச்சுக்கும்னு நாலு பேராவது சொல்லியிருப்பாங்க. இன்சுலின் நின்னா கொஞ்ச நாள்ல ரத்தம் அமிலமாகி வாந்தி எடுத்து சுருண்டு சாகும், காசிமேட்டு மீன் முழுசையும் முன்னாடி கொட்டினாலும் அது பொழைக்காது. நம்ம நாட்டுல 1960ல போட்ட மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல, பட்டினி கெடக்கும்னு தெரிஞ்சே வளர்த்த பிராணியை விட்டுட்டுப் போறது குத்தம்னு தெளிவா இருக்கு. அதுக்கு முதல் தடவை மாட்டினா அபராதம் பத்து ரூபாயில இருந்து அம்பது ரூபா. அம்பதாயிரம் இல்லைங்க, அம்பது. டீ வடை காசு.

இன்னொரு ரகம் என் நாத்தனார். வேற வீடு தேடி விளம்பரம் போடலாம்னு நான் சொன்னப்போ, சுகர்னு போடாத, சாதுவான பூனைன்னு மட்டும் போடு, பழகினப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்னா. ஆயிரம் பொய் சொல்லி கல்யாணத்தைப் பண்ணலாம்னு வளர்ந்த ஊரு இல்லையா. கல்யாணத்துல பொய் சொன்னா சண்டை வரும், இதுல கொஞ்ச நாள்லயே பூனை படுத்துடும். மடியில பூனையைக் கட்டிக்கிட்டு சகுனம் பாக்குற வேலை எனக்கு வேணாம்னு முதல் வரியிலயே போட்டேன்: சுகர் இருக்கு, தினம் ரெண்டு ஊசி, வாழ்நாள் முழுக்க. ஆரம்பத்துலயே கிளார்ஜின்ங்கற வகை இன்சுலின் ஊசியும் மாவுச்சத்து கம்மியான சாப்பாடும் கொடுத்தா சில பூனைக்கு ஊசியே தேவைப்படாம போறது உண்டு, நிஜம்தான். ஆனா அதை விளம்பரத்துல போட மாட்டேன்னு முடிவு பண்ணியிருந்தேன். ஊசி நின்னுடும்னு நம்பி வர்றவங்க, ஊசி நிக்கலன்னா பூனையை நிறுத்திடுவாங்க.

நிறைய பேர் வந்தாங்க. அச்சச்சோ பாவம்னு முப்பது பேர், அதுல போன் பண்ணினது ஆறு பேர். ஒரு குடும்பம் தங்கமான மனுஷங்க, ஆனா சுத்த சைவம், தயிர்சாதம்தான் போடுவோம்னாங்க, கும்பிட்டு அனுப்பிட்டேன். ஒரு தம்பி, அமெரிக்காவுல மாத்திரை வந்துடுச்சேக்கா, ஊசி எதுக்குன்னான். 2022 டிசம்பர்ல அங்க ஒரு மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது உண்மைதான், அடுத்த வருஷம் வாயில ஊத்துற மருந்து ஒண்ணுக்கும் கொடுத்தாங்க, ஆனா அது ரெண்டும் இதுவரைக்கும் இன்சுலினே போடாத பூனைக்குத்தான், ஜாங்கிரிக்கு ஆகாது.

கடைசியில ஒரு இளம் ஜோடிக்கு கொடுத்தேன். நான் கனவு கண்ட மாதிரியே பூனைப் பிரியர்கள். வீட்டுல ஏற்கெனவே ரெண்டு பூனை, சுவத்துல பூனைப் படம், காபி கப்புல பூனை. பாத்த உடனே அந்தப் பொண்ணு கண்ணு கலங்கி கட்டிப் பிடிச்சுக்கிச்சு, எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. ஊசி போட சொல்லிக் கொடுத்து, அது சாப்பிடும்போதே தோலை கூடாரம் மாதிரி தூக்கி உள்ள விடணும், அதுக்கு தெரியவே தெரியாதுன்னு காமிச்சு, எழுதியும் கொடுத்துட்டு வந்தேன்.

பதினோராம் நாள் ராத்திரி ஒன்பதரைக்கு போன். அக்கா, பூனை குடிச்சவன் மாதிரி தள்ளாடுது, எச்சி ஒழுகுது. ஊசி போட்டீங்களான்னா போட்டோம்ங்குது பொண்ணு. பின்னாடி இருந்து பையன் குரல், நானும் போட்டேனே. ஆளுக்கு ஒண்ணு. பாசத்துல யாரும் யாரையும் கேட்டுக்கல. வீட்டுல குளுக்கோஸ் பவுடர் இருக்கா, ரெண்டு சொட்டு தண்ணியில குழைச்சு விரல்ல எடுத்து ஈறுல தேய், வாய்க்குள்ள ஊத்தாத, புரை ஏறிடும், முழிச்சு நக்க ஆரம்பிச்சா சாப்பாடு வை, உடனே டாக்டர்கிட்ட கிளம்புன்னு கத்தினேன். வாணலி காயுற சத்தம் கூட போன்ல கேக்குது, எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு. பூனை பொழைச்சுது. மறுநாள் அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே கொண்டு வந்து விட்டுச்சு. அதைத் திட்ட எனக்கு வாய் வரல, ஏன்னா சந்தேகமா இருந்தா போடாத, ஒரு வேளை ஊசி தவறினா ஒண்ணும் ஆகாது, ரெண்டு தடவை போட்டா உயிரே போகலாம்ங்கறதை நான் அந்தப் பேப்பர்ல எழுதவே இல்ல.

அன்னிக்குத்தான் உறைச்சுது. இந்தப் பூனைக்கு தேவை கட்டிப்பிடிக்கிற ஆள் இல்ல. ஏழு மணிக்கு வீட்டுல இருக்குற ஆள். சாப்பிட்டுச்சா, எவ்ளோ சாப்பிட்டுச்சு, போட்டாச்சா இல்லையான்னு அலட்டிக்காம பாக்குற ஆள். அப்படிப்பட்டவங்க நம்ம ஊர்ல கம்மியா என்ன? மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் 2023ல வெளியிட்ட ஆய்வுப்படி இந்தியாவுல பத்து கோடியே பத்து லட்சம் பேருக்கு சுகர், அந்த ஆய்வை முன்னாடி நின்னு பண்ணினதே சென்னைக்காரங்கதான். தெருவுக்கு நாலு வீட்டுல ஃபிரிட்ஜ்ல இன்சுலின் இருக்கு. கரண்ட் போனா அதை எங்க வெக்கணும், ஊசி போட்டுட்டு சாப்பிடலன்னா என்ன ஆகும், சுகர் இறங்கினா உடம்பு எப்படி வேர்த்து உதறும், எல்லாம் தன் உடம்புலயே படிச்சவங்க. நான்தான் அவங்களை விட்டுட்டு பூனைப் படம் மாட்டின வீடா தேடிக்கிட்டு இருந்திருக்கேன்.

டீச்சர் ஞாபகம் அப்பதான் வந்துச்சு. ரெண்டாவது மாசம் மெடிக்கல் ஷாப்ல நடந்தது. எங்க ஏரியா கடை ஒண்ணுல கிளார்ஜினும் சிரிஞ்சும் கேட்டேன், பையன் சிரிஞ்சை எடுத்துப் போட்டான், நானும் வாங்கி பையில வெச்சுட்டேன். பக்கத்துல நின்ன வயசான அம்மா, ரிட்டயர் ஆன டீச்சர், அவங்கதான், ஏம்மா அது சிவப்பு மூடி, நாப்பது யூனிட் சிரிஞ்சு, உன் மருந்து நூறு, ஆரஞ்சு மூடி கேளுன்னாங்க. ஒரு மில்லியில நாப்பது யூனிட் இருக்குறது, நூறு யூனிட் இருக்குறதுன்னு நம்ம ஊர்ல ரெண்டு வகை இன்சுலினும் புழக்கத்துல இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தனி சிரிஞ்சு, அதான் வம்பு. நூறு மருந்தை நாப்பது சிரிஞ்சுல ஒரு கோடு எடுத்தா உள்ள போறது ரெண்டரை யூனிட். நாலஞ்சு கிலோவுக்கு இளைச்சுப்போன பூனைக்கு அது விளையாட்டு இல்ல. யாருக்கும்மா, மாமியாருக்கான்னாங்க. பூனைக்குன்னேன். டீச்சர் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு பாக்கி சில்லறையை எண்ணிக்கிட்டு போயிட்டாங்க.

கடைப் பையன்கிட்ட கேட்டா, பென்ஷன் வந்து ரெண்டாம் தேதி டாண்ணு வருவாங்கக்கான்னான். ரெண்டாம் தேதி லீவ் போட்டு கடை வாசல்ல நின்னேன், சொன்னா சிரிப்பீங்க, பொண்ணு பாக்கப் போனவ மாதிரி புடவை கட்டிக்கிட்டு நின்னேன். விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் சொன்ன முதல் வார்த்தை, எனக்கு பூனையே பிடிக்காதும்மா, முடி கொட்டும். எனக்கு அந்த இடத்துலயே நம்பிக்கை வந்துடுச்சு, ஏன்னு கேக்காதீங்க. பத்து நாள் வெச்சுப் பாருங்க, ஆகலன்னா எந்நேரமானாலும் நான் வந்து எடுத்துக்குறேன், மருந்துச் செலவு எப்பவும் என்னோடதுன்னேன். டீச்சர் பன்னெண்டு வருஷமா இன்சுலின். காலை ஏழு, ராத்திரி ஏழு. சமையக்கட்டு கதவுல தினசரி காலண்டர் தொங்குது, தாள்ல ரெண்டு டிக் போடுவாங்க. இப்போ நாலு டிக். ஜாங்கிரிக்கு பச்சை இங்க், அவங்களுக்கு நீலம், ரிட்டயர் ஆகியும் பேனா விடல.

இன்பாக்ஸ்ல கேட்டவங்களுக்கு சொல்றது இதான். விளம்பரத்தை விலங்கு ஆர்வலர் குரூப்ல மட்டும் போடாதீங்க, உங்க மெடிக்கல் ஷாப்ல, அப்பார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டுல, வாக்கிங் போற பெரியவங்க உக்கார்ற பெஞ்சுப் பக்கத்துல சொல்லுங்க. வர்றவங்ககிட்ட பூனை பிடிக்குமான்னு கேக்காதீங்க, சாயங்காலம் ஏழு மணிக்கு எங்க இருப்பீங்கன்னு கேளுங்க. கொடுக்குறதுக்கு முன்னாடி உங்க எதிர்லயே நாலு வேளை அவங்க கையால போடட்டும். ஊசி போடுறது ஒரே ஆளு, அதை ஒரு இடத்துல எழுதி வெக்கணும். திரும்ப வாங்கிக்க மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அப்படிச் சொன்னா நாளைக்கு முடியாதவங்க உங்ககிட்ட வர மாட்டாங்க, காசிமேட்டுக்குத்தான் போவாங்க. டீச்சர் மாதிரி ஆள் வயசானவங்க இல்லையா, அவங்களுக்கு எதாவது ஆனான்னு கேட்டா, ஆமா, அதுக்காகத்தான் பூனையோட ஃபைல்ல ஓனர் பேர் என்னோடதுன்னே எழுதியிருக்கு.

ஞாயித்துக்கிழமை போயிருந்தேன். ஜாங்கிரி ஃபிரிட்ஜ் முன்னாடி உக்காந்திருந்துச்சு, என்னைத் திரும்பிக்கூட பாக்கல. குதிகால் நல்லாவே தூக்கி நடக்குது, ரெண்டு யூனிட்ல இருந்து ஒண்ணுக்கு வந்தாச்சு. முடி கொட்டுதா டீச்சர்னு கேட்டேன். கொட்டாம என்ன பண்ணும்னு சொல்லிட்டு, அடுத்த தடவை வரும்போது இதே நூறு வகையில, அரை யூனிட்டுக்கும் கோடு போட்ட, முப்பது யூனிட் மட்டும் பிடிக்கிற சின்ன சிரிஞ்சு கெடைக்குதான்னு பாருன்னாங்க, இந்த நூறு யூனிட் சிரிஞ்சுல ஒண்ணு எடுக்க கண்ணு தெரியலையாம். பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம் பக்கம் எந்தக் கடையில இருக்குன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.