எவ்வளவு என்று கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா?

அந்தக் காணொளியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், பாதிப் பேர் எனக்கே அனுப்பியும் வைத்தீர்கள். பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் ஒரு சோதனைத் திரவத்தைச் சொட்டவிட்டு, அது நிறம் மாறியதும் "பிணத்தைப் பதப்படுத்தும் ரசாயனம் இதில் இருக்கிறது" என்று அவர் கண்களை விரிக்கிறார். பின்னணியில் பேய்ப்பட இசை. அதன் கீழே நான் எழுதியது ஒரே ஒரு கேள்வி: "எவ்வளவு?" அதற்குக் கிடைத்த பட்டங்களையும் பார்த்திருப்பீர்கள். கம்பெனிக் கைக்கூலி. விஷ வியாபாரி. மனசாட்சியை விற்றவன். நஞ்சுகளைப் பற்றிய அறிவியலான நச்சியலைப் படித்து, அதிலேயே வேலை பார்த்து, அதிலேயே தலை நரைத்தவனுக்கு இது நல்ல மரியாதைதான்.

அவர் சொன்ன ரசாயனம் ஃபார்மால்டிஹைடு. அது பிணவறையில் இருப்பது உண்மை. காணொளி எடுத்தவரின் ரத்தத்தில் இருப்பதும் உண்மை. லிட்டருக்குச் சுமார் 2 முதல் 3 மில்லிகிராம். யாரும் அவருக்கு ஊசி போட்டு ஏற்றவில்லை, உடல் தன் அன்றாட வேலைகளுக்கு நடுவில் தானே உண்டாக்கி, தானே உடைத்துத் தள்ளுகிறது. ரத்தத்தில் கலப்பதில் பாதி ஓரிரு நிமிடங்களில் காணாமல் போய்விடும். பேரிக்காய் மரத்தில் தொங்கும்போதே அதில் ஃபார்மால்டிஹைடு உண்டு. ஆகவே திரவம் நிறம் மாறியது என்பது "இருக்கிறதா?" என்ற கேள்விக்கு விடை. அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் "ஆம்" என்றுதான் விடை வரும், கருவி நுட்பமாக ஆக ஆக எதிலும் எதையும் கண்டுபிடிக்கலாம். பயப்பட வேண்டுமா என்பதை முடிவு செய்யும் கேள்வி வேறு. எவ்வளவு?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று ஊரெல்லாம் சொல்லும். சரி, அந்த அளவு எது? மிஞ்சுவது எந்த இடத்தில் தொடங்குகிறது? அதை எண்ணால் சொல்ல முயன்ற கதைதான் நச்சியல்.

1538இல் பாராசெல்சஸ் என்ற மருத்துவர் எழுதியதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்: எல்லாமே நஞ்சு, நஞ்சில்லாதது எதுவுமில்லை, அளவுதான் ஒன்றை நஞ்சில்லாததாக்குகிறது. அதை அவர் எதற்காக எழுதினார் என்பதை யாரும் சொல்வதில்லை. நோயாளிகளுக்கு விஷம் கொடுக்கிறார் என்று அவரைத் திட்டினார்கள், அதற்கு அவர் எழுதிய மறுப்பு அது. சுமார் 500 ஆண்டுகள் ஆகியும் வசவு மாறவில்லை என்பதில் எனக்கு ஒரு அற்ப ஆறுதல்.

1840இல் பிரான்சில் மேரி லஃபார்ஜ் என்ற பெண் கணவனுக்கு ஆர்சனிக் வைத்தாள் என்று வழக்கு. உள்ளூர் வேதியியலாளர்கள் ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள். கடைசியில் பாரிசிலிருந்து ஒர்ஃபிலாவை வரவழைத்தார்கள். நச்சியலின் தந்தை என்று புத்தகங்கள் சொல்லும் அதே ஒர்ஃபிலா. ஆர்சனிக்கைக் கண்டுபிடிக்க நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வெளிவந்திருந்த மார்ஷ் சோதனையால், இறந்த கணவனின் உடலில் அது இருப்பதை அவர் காட்டினார். அத்தோடு நிறுத்தவில்லை. இந்த ஆர்சனிக் நான் பயன்படுத்திய ரசாயனத்திலிருந்து வந்ததா, கல்லறை மண்ணிலிருந்து வந்ததா என்று தனக்கே கேள்வி வைத்து, இரண்டும் இல்லை என்று காட்டிவிட்டுத்தான் வாய் திறந்தார். ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்தச் சொல்லில் தொங்கியது. இன்று ஒருவர் சொட்டு மருந்துக் குப்பியோடு கிளம்பி, காலையில் சோதித்து, மதியத்துக்குள் பழம் விற்கிற எல்லோரையும் கொலைகாரர்கள் என்று தீர்ப்பளித்துவிடுகிறார். மண்ணையும் சோதிக்கவில்லை, குப்பியையும் சோதிக்கவில்லை.

"ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமே பட்டியலில் சேர்த்துச் சொல்லியிருக்கிறதே" என்று ஒருவர் படம் ஒட்டினார். சொல்லியிருக்கிறது, 2004இல். ஆவியாக மூச்சில் இழுப்பவர்களை, ஆண்டுக்கணக்கில் அந்தக் காற்றில் வேலை செய்பவர்களை வைத்துச் சொன்னது. எந்த வழியாக உள்ளே போகிறது, எவ்வளவு காலம் போகிறது என்பதும் கணக்கில் சேரும். மேலும் அந்தப் பட்டியல் ஒரு பொருளால் புற்றுநோய் உண்டாக்க முடியுமா என்று மட்டும் சொல்கிறது, உங்கள் தட்டில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று அது சொல்வதில்லை.

அடுத்த எதிர்ப்புதான் கனமானது. "அளவு, அளவு என்று சொல்லித்தானே கம்பெனிகள் ஏமாற்றின?" ஆமாம், ஏமாற்றின. பெட்ரோலில் ஈயம் கலந்தவர்களுக்காக ராபர்ட் கீஹோ என்ற மருத்துவர் பல பத்தாண்டுகள் இதே வாதத்தைத்தான் வைத்தார்: ஈயம் மனித உடலில் இயல்பாகவே இருக்கிறது, ஒரு வரம்புக்குக் கீழே தீங்கில்லை. என் கேள்வியையே ஆயுதமாக்கியவர் அவர், மறுக்கவில்லை. ஆனால் அதை உடைத்தது எது? 1965இல் கிளேர் பேட்டர்சன் என்ற புவிவேதியியலாளர், இன்றைய மனிதர்களின் உடலில் இருக்கும் ஈயம் இயல்பான அளவே அல்ல, பல மடங்கு கூடியது என்று அளந்து காட்டியதுதான். பொய்யான எண்ணை உண்மையான எண்தான் வீழ்த்தியது. அப்படியும் ஈயம் கலந்த பெட்ரோல் கார்களிலிருந்து உலகம் முழுவதும் ஒழிய 2021 ஆனது. 1937இல் அமெரிக்காவில் கிருமித்தொற்றுக்கான சல்ஃபனிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்து, ராஸ்பெர்ரி வாசனையும் சேர்த்து விற்றார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். விற்பதற்கு முன் சோதிக்க வேண்டும் என்று சட்டமே இல்லை, அடுத்த ஆண்டுதான் வந்தது. இந்தச் சாவுகளெல்லாம் எனக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? என் துறையே இந்தச் சாவுகளின் மேல்தான் நிற்கிறது.

"மிகக் குறைந்த அளவிலேயே ஹார்மோன்களைக் குழப்பும் பொருள்கள் இருக்கின்றனவே?" இருக்கின்றன. அதுவும் அளவைப் பற்றிய பேச்சுதான். அடுத்தது.

"இயற்கையானதை மட்டும் சாப்பிட்டால் இந்தத் தொல்லையே இல்லை." பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகம் பழுதானது. காரணம் ஒரு செடியில் இயற்கையாக இருக்கும் அரிஸ்டலோகிக் அமிலம். அதற்குப் பேய் இசை போட யாரும் வரவில்லை.

உண்மையில் என்னைச் சுட்டது வேறு. சில ஆண்டுகளுக்கு முன் என் சித்தப்பாவுக்குக் காய்ச்சல். ஒரு மாத்திரை போட்டார். காய்ச்சல் இறங்கவில்லை என்று வேறு பெயரில் இன்னொரு மாத்திரை, சளிக்கு ஒரு கலவை மருந்து. மூன்றிலும் பாரசிட்டமால். உடல் அதில் ஒரு சிறு பங்கை நச்சுப் பொருளாக மாற்றும், கல்லீரலில் உள்ள குளுட்டதயோன் என்ற பொருள் அதை அடக்கிவிடும். குளுட்டதயோன் தீர்ந்துபோனால் கல்லீரல் செல்கள் சாகத் தொடங்கும். கொடுமை என்னவென்றால், முதல் நாள் வெறும் குமட்டல்தான், பிழைத்துக்கொண்டார் என்றே தோன்றும். அவசரப் பிரிவில் டாக்டர் முதலில் கேட்டது: "எவ்வளவு சாப்பிட்டார்? எப்போது?" மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டைன் முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன், அதனால்தான் அந்த அவசரம். வீட்டுக்கு ஓடிப்போய்க் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்து, காலி அட்டைகளைப் பொறுக்கி எண்ணிக்கொண்டு வந்தவன் அவருடைய மகன். என் தம்பி முறை. அன்று அந்தக் கேள்வியைக் கேட்ட டாக்டரை யாரும் கம்பெனிக் கைக்கூலி என்று சொல்லவில்லை. சித்தப்பா பிழைத்தார்.

மனசாட்சியை விற்றவன் என்று எழுதியது அந்தத் தம்பிதான்.

"விடுங்கள் அண்ணா, எச்சரிக்கையாக இருப்பது நல்லதுதானே" என்று உள்பெட்டியில் சமாதானம் பேசுகிறார்கள். எதைப் பற்றிய எச்சரிக்கை? பயந்துபோன ஒரு தாய், பிள்ளைக்குப் பழம் கொடுப்பதையே நிறுத்திவிட்டேன் என்று நேற்று எழுதியிருந்தார். அதே வீட்டில் மாத்திரை அட்டைகள் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் இல்லை என்று உங்களில் யாராவது உறுதி சொல்வீர்களா? பயம் அளவில்லாமல் கிடைப்பதில்லை. பழத்துக்கே செலவழித்துவிட்டால் மாத்திரைக்கு மிச்சமிருக்காது.

கருத்துப் பெட்டி திறந்தே இருக்கிறது. மில்லிகிராமோடு வருகிறவர்களுக்கு ராத்திரி ஆனாலும் பதில் சொல்வேன். "உன் பிள்ளைக்கு இதைக் கொடுப்பாயா?" என்று கேட்கத் துடிப்பவர்களின் நேரத்தை மிச்சப்படுத்துகிறேன்: கொடுத்தேன். காலையில்தான். கழுவி, தோலோடு.