சங்கிலியில் தொடங்கி கேற்றில் முடிந்த வாவிக்கரை

நடைபாதைகள் வந்துவிட்டதால் கொழும்புப் பக்கத்து வாவிக்கரைகள் இனி மக்கள் கையில்தான் என்று நான் வாசித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பாராளுமன்றத்தைச் சூழ்ந்த தியவன்னா ஓயாவைப் பொறுத்தவரை சரி. ஆனால் வீடுகள் நெருங்கி நிற்கும் பொல்கொட வாவிக்கரையில் கதை வேறு. பிலியந்தலைப் பக்கம் மாமா வீட்டுக்குச் சின்ன வயதில் போனால், இரண்டு மதில்களுக்கு நடுவே ஒரு ஒழுங்கை, அதால் இறங்கினால் தண்ணீர். பாசி பிடித்த மூன்று படிகள், கட்டிப்போட்ட ஒரு தோணி, தூண்டிலோடு பெடியன்கள். அதை மூடப்போகிறோம் என்று யாரும் அறிவிக்கவில்லை. முதலில் வாகனம் வராமலிருக்க ஒரு சங்கிலி, அப்புறம் இரவில் மட்டும் பூட்டும் கேற், பிறகு செக்யூரிட்டி. போன வருடம் போனபோது "யாரைப் பார்க்க வந்தீங்க?" என்று கேட்டார். வாவியைப் பார்க்க என்றேன், திருப்பி அனுப்பிவிட்டார். குப்பை போடுகிறார்கள், அதனால் மூடுவதே நல்லது என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் சொல்கிறார். தியவன்னா ஓயாக் கரையில் பத்தரமுல்லையில் மாலை நேரம் எத்தனை பேர் நடக்கிறார்கள், அங்கே கரையை மூடவா செய்தார்கள்? ஆள் நடமாட்டம் இருக்கும் கரையில் யாராவது மண் கொட்டி நிரப்பினால் அன்றைக்கே தெரிந்துவிடும். மதிலுக்குப் பின்னால் நடந்தால் யாருக்குத் தெரியும்? கொழும்புக்கு 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததைப் பெருமையாகச் சொல்கிறோம், அந்த நீரைப் போய்ப் பார்க்க வழியும் இருக்க வேண்டாமா? மாமாவின் பழைய நில அளவைப் படத்தில் அந்த ஒழுங்கை பொதுப்பாதை என்றுதான் குறித்திருக்கிறது. பிரதி எடுத்து, ஒழுங்கையைத் திறக்கக் கேட்கும் மனுவோடு கொடுத்திருக்கிறோம். உங்கள் பக்கம் இப்படி ஒரு ஒழுங்கை இருந்தால், சங்கிலி விழும்போதே படத்தைத் தேடி எடுத்து வையுங்கள்.